உளவு நாவலில் காதலுக்கு என்ன வேலை? ஒரு புதிய வாசகியின் எண்ணங்களும் மறுமொழிகளும்

புதுவாசகி:

நெடுங்காலமாகக் குடும்ப நாவல்களையும் காதல் நாவல்களையும் மட்டுமே வாசித்துவந்த நான் அண்மையில்தான் உளவு நாவல்களின் பக்கம் வந்திருக்கிறேன். துரத்தலுக்கும் துப்பாக்கிக்கும் நடுவே வாசகர் சற்று இளைப்பாறுவதற்காக ஒரு காதல் கிளைக்கதையைச் செருகி வைத்திருப்பார்கள் என்ற எதிர்பார்ப்புடன் தொடங்கினேன். இளைப்பாறுவதற்கு அங்கே இடமே இல்லை. சொல்லப்போனால், துப்பாக்கி வெடிக்கும் பக்கங்களை அமைதியாகப் புரட்டிவிட்டு, காதல் வரும் பக்கங்களில்தான் நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருந்தேன்.

காதல் நாவலில் ஒருவன் ஒருத்தியிடம் மனம் திறந்தால், இத்தனை நேரம் காத்திருந்தது கைகூடிவிட்டது என்று வாசகி மகிழ்வாள். உளவு நாவலில் அதே ஆள் அதே சொற்களைச் சொல்லும்போது, இவன் இதை ஏன் இப்போது சொல்கிறான், இவனை அனுப்பியவர் யார், இவளிடமிருந்து இவனுக்கு வேண்டியது என்ன என்ற ஐயங்கள்தான் வரிசைகட்டி நிற்கின்றன. பொய் சொல்வதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் எப்போதாவது மெய் சொன்னால், எதிரே இருப்பவர் அதை எப்படி அடையாளம் காண்பார்? எனக்கு இந்த நாவல்களின் மையக் கேள்வி இதுதான் என்று படுகிறது. கோப்பு கைமாறியதா, திட்டம் பலித்ததா என்பதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

இயன் ஃபிளெமிங்கின் 'கேசினோ ராயல்' (1953) நாவலைத் திரைப்படங்களில் வரும் அலட்சியமான ஜேம்ஸ் பாண்டை மனத்தில் வைத்துக்கொண்டு எடுத்தேன். சீட்டாட்டம் முடிந்து, வில்லனான லெ ஷிஃப்ரும் கொல்லப்பட்ட பிறகு, நாவலில் இன்னும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மீதமிருந்தது எனக்கு வியப்பாக இருந்தது. எதிரி ஒழிந்த பிறகு அத்தனை பக்கங்களில் என்னதான் சொல்லப்போகிறார்? பாண்ட் காயத்திலிருந்து தேறுகிறான். அந்த வேலையில் தன்னோடு இருந்த வெஸ்பர் லிண்டுடன் கடற்கரை விடுதி ஒன்றில் தங்குகிறான். அவள் யாருக்கோ மறைவாகத் தொலைபேசுகிறாள். ஒரு கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டி அணிந்த ஒருவர் விடுதிக்கு வந்து போகிறார். அவ்வளவுதான். அவளை மணந்துகொள்ளும் எண்ணத்தில் இருக்கும் பாண்ட், அவள் சொல்லும் சின்னச் சின்னப் பொய்களைக் கவனிக்கத்தான் செய்கிறான். ஆனால் தொழில்முறைக் கண்ணோடு அவற்றை எடைபோட அவனுக்கு மனம் வரவில்லை. அவள் இரட்டை உளவாளி என்பது, அவள் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு, எழுதிவைத்துப்போன கடிதத்தில்தான் தெரியவருகிறது.

ஜான் லெ காரேயின் 'த ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் த கோல்ட்' (1963) என்னை இன்னும் நெடுநேரம் பிடித்து வைத்திருந்தது. நூலகத்தில் வேலை செய்யும் லிஸ் கோல்ட், நோயில் விழுந்த பிரிட்டிஷ் உளவாளி அலெக் லீமாஸை அருகிருந்து பார்த்துக்கொள்கிறாள். அவன் உண்மையில் யார் என்பது அவளுக்குத் தெரியாது. வறண்ட கதையில் ஆசிரியர் கொஞ்சம் ஈரம் சேர்க்கிறார் என்றுதான் அந்தப் பகுதியை வாசிக்கும்போது தோன்றும். கிழக்கு ஜெர்மனியில் விசாரணை மன்றத்தின் முன் அவள் சாட்சியாக நிறுத்தப்படும் இடத்தில், அந்த ஈரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டே பொறி வைக்கப்பட்டிருக்கிறது என்பது விளங்குகிறது. லீமாஸ் போன பிறகு தன்னைத் தேடி வந்தவர்கள் யார், தனக்கு எப்படி உதவினார்கள் என்பதை அவள் மறைக்காமல் சொல்கிறாள். ஆளாளுக்கு வேடம் கட்டி நிற்கும் அந்த மன்றத்தில் அவள் பேசும் மெய்தான் குற்றமற்ற ஒருவனைச் சாவுக்கு அனுப்பி, குற்றவாளியைக் காப்பாற்றுகிறது.

நெடுநாள் வாசகர்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். காதல் இப்படிக் கதையின் அச்சாணியாகவே அமைந்திருப்பது இந்த இரண்டு நாவல்களுக்கு மட்டும் உரிய சிறப்பா, அல்லது உளவு நாவல் என்ற வகையின் இயல்பே அதுதானா?

மட்டுறுத்துநர்:

தலைப்பின் தன்மையால் இங்கே நாவல்களின் முடிவுகள் வெளிப்படையாகப் பேசப்படுகின்றன. பதிலிடுவோர் இயன்றவரை பத்தியின் தொடக்கத்திலேயே நூலின் பெயரைக் குறிப்பிட்டால், அதை இன்னும் வாசிக்காதவர்கள் அந்தப் பத்தியைத் தாண்டிச் செல்ல வசதியாக இருக்கும்.

அலமாரி:

நல்வரவு. பதிவு நன்று. ஆனால் கிடைத்தற்கரிய இரண்டு நூல்களை முதலிலேயே வாசித்துவிட்டு, அவற்றைக் கொண்டு மொத்த வகையையும் அளக்கிறீர்களோ என்று அஞ்சுகிறேன்.

'த தர்ட்டி நைன் ஸ்டெப்ஸ்' (1915) இந்த வகையின் முன்னோடிகளுள் ஒன்று. ஜான் பக்கன் எழுதிய அந்த நாவலில் காதலே கிடையாது. ரிச்சர்ட் ஹானே ஸ்காட்லாந்தின் மேட்டு நிலங்களில் ஓடுகிறார், ஒளிகிறார், வேடம் மாற்றுகிறார். ஒரு பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுக்க அவருக்கு நேரமில்லை, வாசகருக்கும் அது ஒரு குறையாகத் தெரிவதில்லை. 1935இல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் அதைத் திரைப்படமாக்கியபோதுதான், நாயகனோடு கைவிலங்கில் பிணைக்கப்படும் ஒரு பெண் கதைக்குள் வந்தாள். படம் சுவையானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் இருபது ஆண்டுகள் கழித்து வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்ட முடிகிற ஒன்றை அந்த வகையின் இயல்பு என்று எப்படிச் சொல்வது?

நான் கையாளும் சோதனை எளிது. காதல் கிளைக்கதையை நீக்கிவிட்டுக் கதையை ஒருவரிடம் சொல்லிப் பார்ப்பேன். எந்த இடத்திலும் தடுக்காமல் கதை போய்ச் சேர்ந்துவிட்டால், அந்தக் காதல் பக்கங்களை நிரப்புவதற்காக எழுதப்பட்டது என்று முடிவு செய்துகொள்வேன். பெரும்பாலான நாவல்கள் இதில் தோற்றுவிடுகின்றன. நாயகி தொடக்கத்தில் அறிமுகமாவாள், நடுவில் அவன்மேல் கோபப்படுவாள், முடிவுக்குச் சற்று முன் கடத்தப்படுவாள், பிறகு மீட்கப்படுவாள்; அவளுக்குப் பதில் ஒரு பெட்டியைக் கடத்தியிருந்தாலும் கதை மாறியிருக்காது. இதைவிடக் கொடுமை, குண்டு வெடிக்கச் சில மணி நேரமே உள்ளது என்று ஓர் அத்தியாயத்தை முடித்துவிட்டு, அடுத்த அத்தியாயம் முழுவதும் இருவரும் மாடத்தில் நின்று தத்தம் இளமைக்காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது. அந்தக் குண்டை வைத்தவனுக்கே பொறுமை போய்விடும்.

தேறிய நூல்களும் உண்டு. கென் ஃபாலெட்டின் 'ஐ ஆஃப் த நீடில்' (1978) நேச நாடுகளின் ஓர் உண்மையான ஏமாற்று நடவடிக்கையை அடிப்படையாகக் கொண்டது. 1944இல் படையெடுப்பு பிரான்சின் பா-து-கலே பகுதியில்தான் நிகழும் என்று ஜெர்மானியரை நம்பவைக்க, இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் இல்லாத படை ஒன்றை இருப்பதுபோல் காட்டினார்கள். அது வெறும் தோற்றம் என்பதைக் கண்டுபிடித்துவிடும் ஜெர்மானிய உளவாளி ஃபேபர், புயலில் சிக்கி ஒரு தீவில் ஒதுங்குகிறான். அங்கே விபத்தில் கால்களை இழந்து கசந்துபோன கணவனுடன் லூசி வாழ்கிறாள். அவளுக்கும் ஃபேபருக்கும் இடையே உருவாகும் உறவை எடுத்துவிட்டால், போரின் போக்கையே மாற்றக்கூடிய அந்தச் செய்தியைத் தடுக்க நாவலில் ஆளே இல்லை. உளவுத்துறை முழுவதும் துரத்தியும் பிடிக்க முடியாதவனை அவனோடு நெருங்கிப் பழகிய ஒருத்தி நிறுத்துகிறாள். ஆனால் இப்படிப்பட்டவை கைவிரல்களுக்குள் அடங்கும் என்பதே என் அனுபவம்.

புதுவாசகி:

உங்கள் பதிவைப் படித்த பிறகு ஹிட்ச்காக்கின் படத்தைத் தேடிப் பார்த்தேன். 'த தர்ட்டி நைன் ஸ்டெப்ஸ்' விஷயத்தில் உங்களோடு முழுமையாக உடன்பட முடியவில்லை. வெளியிலிருந்து ஒட்டியதாகவே வைத்துக்கொள்வோம். ஒட்டும்போது அவர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்று பாருங்கள். பமீலா தொடக்கத்திலிருந்தே ஹானே சொல்வதை நம்புவதில்லை. அவனைக் காட்டிக்கொடுக்கவும் செய்கிறாள். அவன் உண்மையைச் சொல்லச் சொல்ல அவளுடைய அவநம்பிக்கை வலுக்கிறது. இரவில் கைவிலங்கிலிருந்து கையை உருவிக்கொண்டு தப்பிக்கப் போகிறவள், போலிக் காவலர்கள் பேசிக்கொள்வதைக் கேட்கும்போதுதான் அவன் சொன்னது அத்தனையும் மெய் என்று உணர்கிறாள். உணர்ந்த பிறகு ஓடாமல் அறைக்குத் திரும்புகிறாள். படத்தில் காதல் பிறக்கும் இடம் அதுதான். வேறு வகைக் கதையில் பார்வையிலோ பாட்டிலோ பிறக்கும் காதல், இங்கே ஒரு கூற்று சரிபார்க்கப்பட்டதால் பிறக்கிறது. காதலே இல்லாத கதைக்குள் காதலைக் கொண்டுவந்தவர்கூட அதை நம்பிக்கை என்ற கேள்வியாகத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது.

உங்கள் சோதனையை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் அது ஒரு பாதிதான். காதலை நீக்கினால் நிகழ்ச்சிகள் தடுக்கின்றனவா என்று மட்டும் அது கேட்கிறது. நீக்கினால் அந்த உளவாளி யார் என்பது நமக்குத் தெரியாமல் போகிறதா என்றும் கேட்க வேண்டாமா? வேடங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினால் உள்ளே யாராவது இருக்கிறாரா என்பதை, அவர் யாரிடம் கழற்ற நினைக்கிறார் என்பதைக் கொண்டுதானே அறிய முடியும்?

நெய்தல்:

இருவர் பேச்சும் சுவையாக இருக்கிறது. சங்க அகப்பாடல்களில் பழகிய கண்ணுக்கு, காதலும் மறைவுத் தொழிலும் அடுத்தடுத்து நிற்பதில் புதுமை எதுவும் தெரியாது என்பதைச் சொல்லத் தோன்றுகிறது.

களவுக் காலத்தில், அதாவது மணத்துக்கு முன் மறைவாகக் காதலிக்கும் காலத்தில், தலைவனும் தலைவியும் பகலில் சந்திக்கும் இடத்தையும் இரவில் சந்திக்கும் இடத்தையும் பகற்குறி, இரவுக்குறி என்று பிரித்து, அவற்றுக்குத் தனித்தனியே இலக்கணம் வகுத்திருக்கிறார்கள். தான் வந்திருப்பதைத் தலைவன் ஓர் ஒலியால் தெரிவிப்பான். அதைப் போன்ற ஒலி இயற்கையில் தானாக எழுந்து, அவன்தான் வந்துவிட்டான் என்று நம்பித் தலைவி வந்து ஏமாந்து திரும்புவதும் உண்டு. அல்லகுறிப்படுதல் என்று அதற்கொரு துறையே இருக்கிறது. இடையில் தோழி நிற்கிறாள். சந்திப்பை ஏற்பாடு செய்வது, செய்தி சுமப்பது, ஊரில் எழும் அலர் என்ற பழிப்பேச்சு எந்த அளவுக்கு முற்றியிருக்கிறது என்று கணித்துச் சொல்வது, இதற்குமேல் தாங்காது என்ற கட்டத்தில் விரைந்து மணந்துகொள் என்று தலைவனை நெருக்குவது எல்லாம் அவள் பொறுப்பு. நாவல்களில் ஓர் உளவாளியைப் பின்னிருந்து இயக்கும் அதிகாரி செய்யும் வேலை இதிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று.

அகநானூற்றின் 122ஆம் பாடலைப் பாருங்கள். ஊர் உறங்கினால் தாய் உறங்குவதில்லை. தாய் உறங்கினால் காவலர் சுற்றுகிறார்கள். அவர்கள் அயர்ந்தால் நாய் குரைக்கிறது. நாய் அடங்கினால் நிலவு பகல்போல் எறிக்கிறது. நிலவு மறைந்தால் கூகை குழறுகிறது. அதுவும் ஓய்ந்தால் கோழி கூவுகிறது. இவை அத்தனையும் அடங்கிய ஒரு நாளில் அவன் வரவில்லை. தடைகளை ஒவ்வொன்றாக அடுக்கி, ஒவ்வொன்றாக விலக்கி, விலகிய கணத்தில் காலை வாரிவிடும் இந்தக் கட்டமைப்பை எந்தப் பரபரப்பு நாவலாசிரியரும் கைகூப்பி ஏற்றுக்கொள்வார்.

வேறுபாடும் இங்கேதான் இருக்கிறது. அகப்பாடலில் காதலர் இருவரும் ஒரே தரப்பு. பகை முழுவதும் வெளியே. தலைவன் திரும்பி வருவானா என்ற அச்சம் தலைவிக்கு வரலாம். ஆனால் அவன் வேறொருவர் அனுப்பிய ஆளாக இருப்பானோ என்ற ஐயம் அவளுக்கு வராது. உளவு நாவல் அந்தக் காவலர்களையும் நாயையும் காதலர்களின் உள்ளேயே கொண்டுபோய் வைத்துவிடுகிறது. புதுவாசகிக்கு ஏற்பட்ட படபடப்பின் வேர் அதுதான் என்று நினைக்கிறேன்.

குறளில் 'குறிப்பறிதல்' என்ற அதிகாரம் இரண்டு முறை வருவதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். பொருட்பாலில் 71ஆம் அதிகாரம் அரசனைச் சூழ்ந்திருப்பவர், எதிரே இருப்பவரின் முகத்தையும் கண்ணையும் கொண்டு மனத்தை அறிவதைப் பற்றியது. இன்பத்துப்பாலில் 110ஆம் அதிகாரம் காதலன் அதையே காதலியிடம் செய்வதைப் பற்றியது. திறமை ஒன்றுதான். ஒற்றாடல் அதிகாரத்திலோ, ஐயுற முடியாத தோற்றமும், அஞ்சாத கண்ணும், எந்நிலையிலும் உள்ளிருப்பதை வெளிவிடாமையும் ஒற்றனுக்கு இலக்கணமாகச் சொல்லப்படுகின்றன. பிறர் குறிப்பை அறியவேண்டும், தன் குறிப்பை அறியவிடக்கூடாது என்று பழக்கப்பட்ட இருவர் ஒருவரையொருவர் விரும்பத் தொடங்கினால் என்ன ஆகும் என்பது அந்த இரண்டு அதிகாரங்களுக்கும் இடையில் எழுதப்படாமல் கிடக்கும் கதை.

வரலாற்று மாணவன்:

நாவல்களை விட்டுச் சற்று விலகி, நடந்தவற்றைப் பற்றிச் சொல்கிறேன். ஏனெனில் உளவு நாவலில் வரும் காதல் மிகைப்படுத்தப்பட்டது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் வரலாற்றைப் பார்ப்பதில்லை.

அழகால் மயக்கி இரகசியம் பறிக்கும் பெண் என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருபவர் மாதா ஹரி. 1916இல் அவர் வாதிம் மாஸ்லோவ் என்ற இளம் ரஷ்ய அதிகாரியைக் காதலித்தார். போரில் கண்ணில் காயமுற்ற அவரைக் காண்பதற்காகப் போர்ப்பகுதிக்குள் இருந்த விட்டேல் நகருக்குச் செல்ல அனுமதி கேட்டு அலைந்தபோதுதான், பிரெஞ்சு எதிர் உளவுத்துறையின் ஜார்ஜ் லாது அவரை உளவு வேலைக்கு அழைத்தார். மாஸ்லோவுடன் வாழப் பணம் வேண்டும் என்பது அவர் ஒப்புக்கொண்டதற்கு ஒரு முக்கியக் காரணம். பிறகு ஜெர்மனிக்கு உளவு பார்த்ததாகக் குற்றம் சாட்டி, 1917 அக்டோபர் 15 அன்று பிரெஞ்சுக்காரர்களே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மயக்கியவர் என்று உலகம் சொல்லும் பெண், உண்மையில் தன் காதலுக்காக அந்த வலையில் கால் வைத்தவர்.

பனிப்போரில் ஆண்களே தூண்டிலானார்கள். 1986 வரை கிழக்கு ஜெர்மனியின் வெளிநாட்டு உளவுப் பிரிவுக்குத் தலைமை வகித்த மார்க்குஸ் வோல்ஃப், மேற்கு ஜெர்மனியின் அரசு அலுவலகங்களில் பணிபுரிந்த பெண் செயலர்களைக் காதலித்துக் கோப்புகளைப் பெறுவதற்கென்றே ஆண்களை அனுப்பினார். 'ரோமியோக்கள்' என்றே அவர்களுக்குப் பெயர். காதலனுக்காகக் கோப்புகளை நகலெடுத்த பெண்களில் சிலரிடம், அவை வேறொரு நாட்டுக்குப் போகின்றன என்று பொய் சொல்லப்பட்டிருந்தது. செய்திகளில் இன்று 'ஹனி டிராப்', அதாவது காதல் காட்டி இரகசியம் பறிக்கும் பொறி, என்று படிக்கும்போது பெண் உருவம் மட்டும் மனத்தில் எழுவது எவ்வளவு ஒருதலையானது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி இவை இரண்டும் இல்லை. 'ஐ ஆஃப் த நீடில்' பற்றி அலமாரி சொன்ன அதே 1944 ஏமாற்று நடவடிக்கையில் பெரும்பங்கு வகித்தவர் ஸ்பெயின் நாட்டவரான ஹுவான் புஜோல் கார்சியா. பிரிட்டிஷ் தரப்பில் அவருக்குக் 'கார்போ' என்று பெயர். 27 பேர் கொண்ட ஒற்றர் குழு ஒன்றைக் கற்பனையாலேயே படைத்து, அவர்கள் அனுப்புவதாகச் சொல்லித் தாமே எழுதிய அறிக்கைகளால் ஜெர்மானியரை நம்பவைத்தவர். இரு தரப்பிடமும் விருது பெற்றவர். அவருடைய மனைவி அராசெலி லண்டனில் யாருடனும் பழக விடப்படாமல், தாயைப் பார்க்க ஊருக்குப் போகவும் முடியாமல் மனம் நொந்து, 1943இல் ஸ்பெயின் தூதரகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினார். புஜோல் என்ன செய்தார்? மனைவியின் நடத்தையால் தாம் கைது செய்யப்பட்டதாக ஒரு நாடகத்தைத் தாமே வகுத்துக் கொடுத்தார். அராசெலியின் கண்ணைக் கட்டித் தடுப்பு முகாமுக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே சவரம் செய்யாத முகத்துடன் கைதியின் உடையில் கணவர் நின்றார். அராசெலி அழுது, இனி அப்படிச் செய்வதில்லை என்று வாக்களித்தார். ஜெர்மானிய உளவுத்துறையை ஏமாற்றிய அதே கை, அதே நுட்பத்தோடு, வீட்டுக்குள்ளும் வேலை செய்தது. இதை ஒரு நாவலில் எழுதினால் மிகை என்று தள்ளிவிடுவோம்.

மறுவாசிப்பு:

வரலாற்று மாணவன் சொன்ன அராசெலியிலிருந்து தொடங்குகிறேன். அவருடைய பார்வையில் அந்தக் கதையை யாராவது எழுதியிருந்தால், அதில் நாயகன் யாராக இருப்பார்? இந்த இழையில் இதுவரை காதலின் பயன் பேசப்பட்டது. கணக்குத் தீர்க்கப்படும்போது யார் பெயரில் எழுதப்படுகிறது என்பது பேசப்படவில்லை. வெஸ்பர் சாகிறாள். லிஸ் பெர்லின் சுவரின் அடியில் சுடப்படுகிறாள். லீமாஸ் அவளுக்காக மறுபக்கம் இறங்கிச் சாகிறான் என்பது உண்மைதான். ஆனால் அது அவன் எடுத்த முடிவு. அவளிடம் எந்தக் கட்டத்திலும் யாரும் எதையும் கேட்கவில்லை.

சோமர்செட் மாமின் 'ஆஷெண்டன்' (1928) கதைத் தொகுப்பைப் புதுவாசகிக்குப் பரிந்துரைக்கிறேன். முதல் உலகப் போரில் மாம் சுவிட்சர்லாந்தில் பிரிட்டிஷ் உளவுத்துறைக்காக வேலை செய்தவர். அந்தப் பட்டறிவின் வறட்சி ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். ஜூலியா லாத்ஸாரி என்ற நடனக்காரியைப் பற்றிய கதையில், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக ஜெர்மானியரோடு சேர்ந்து இயங்கும் சந்திர லால் என்ற இந்தியரைப் பிடிக்க வேண்டும். அவர் இருப்பது சுவிட்சர்லாந்தில், அங்கே கைவைக்க முடியாது. அவரைக் காதலிக்கும் ஜூலியாவைச் சிறைக்கு அஞ்சச் செய்து, ஏரியைக் கடந்து பிரெஞ்சுக் கரைக்கு வரும்படி அவருக்குக் கடிதங்கள் எழுத வைக்கிறார் ஆஷெண்டன் என்ற பிரிட்டிஷ் உளவாளி. காதல் கடிதத்தின் ஒவ்வொரு வரியையும் ஓர் அதிகாரி மேற்பார்வை பார்க்கிறார். சந்திர லால் வருகிறார், பிடிபட்டதும் நஞ்சுண்டு இறக்கிறார். முடிவில் ஜூலியா கேட்பது, தான் அவருக்குப் பரிசளித்த பன்னிரண்டு பவுண்டு மதிப்புள்ள கைக்கடிகாரம் திரும்பக் கிடைக்குமா என்பதை.

அந்த ஒரு கேள்வியைப் பற்றி வாசகர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்பார்கள். இவ்வளவுதானா இவள் காதல் என்று ஒரு சாரார். கதறி அழுதவளிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்ட பிறகு அவளிடம் மிஞ்சியது கணக்கு ஒன்றுதான் என்று மற்றொரு சாரார். நான் இரண்டாவது பக்கம். ஆனால் மாம் எந்தப் பக்கமும் சாய்வதில்லை, அதுதான் அவர் திறமை. ஆஷெண்டன் என்ன உணர்ந்தார் என்றுகூட அங்கே சொல்வதில்லை.

கிரஹாம் கிரீனின் 'த ஹியூமன் ஃபேக்டர்' (1978) இன்னொரு வழியைக் காட்டுகிறது. அதில் வருவது காதல் விவகாரம் இல்லை, இல்லறம். மாரிஸ் கேஸில் பிரிட்டிஷ் உளவுத்துறை அலுவலர். மனைவி சாரா தென்னாப்பிரிக்கக் கறுப்பினப் பெண். அந்த நாட்டிலிருந்து அவள் தப்பிக்க உதவிய ஒரு கம்யூனிஸ்டுக்குத் தான் பட்ட கடனுக்காகவே அவர் சோவியத் தரப்புக்குச் செய்திகள் கொடுக்கிறார். கொள்கையும் இல்லை, பணமும் இல்லை. இங்கே காதலுக்கு விலை கொடுக்கிறவர் ஆண். அதுவும் ஒரே நாளில் உயிராகக் கொடுக்காமல், ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து ரயிலேறி வீடு திரும்பும் அச்சமாகக் கொடுக்கிறார்.

அலமாரி:

மறுவாசிப்பு அவர்களின் கேள்வி நியாயமானது. ஆஷெண்டன் கதை என் சோதனையில் முழு மதிப்பெண் பெறும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். காதலை எடுத்தால் கதையே இல்லை.

புதுவாசகி சொன்ன மறுபாதிச் சோதனைக்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். லெ காரேயின் 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' (1974) நாவலை இன்னும் வாசிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். பிரிட்டிஷ் உளவுத்துறைக்குள் ஊடுருவிய சோவியத் உளவாளியைத் தேடுகிறவன் ஜார்ஜ் ஸ்மைலி. அவன் மனைவி ஆன் நாவலில் நேரில் வருவது மிக அரிது. அவளைப் பற்றிப் பிறர் விசாரிக்கிறார்கள், அவ்வளவுதான். அவளுக்கும் ஸ்மைலியின் சக அதிகாரி பில் ஹேடனுக்கும் இருந்த தொடர்பு ஊரறிந்த பழங்கதையாக ஓரத்தில் கிடக்கிறது. தேடப்படும் உளவாளி ஹேடனே என்பதும், அந்தத் தொடர்பை ஏற்படுத்திக்கொள்ளும்படி அவனுக்குச் சொன்னவனே மாஸ்கோவில் இருக்கும் சோவியத் உளவு அதிகாரி கார்லா என்பதும் முடிவில் தெரிகிறது. ஹேடன்மீது ஸ்மைலிக்கு ஐயம் வந்தால், அது மனைவியைப் பறிகொடுத்தவனின் பொறாமை என்று ஸ்மைலியே தன்னைக் கடிந்துகொள்வான் என்பது கார்லாவின் கணக்கு. ஒரு நேர்மையான மனிதனின் கண்ணை மறைக்க அவனுடைய நேர்மையையே பயன்படுத்துகிறான். இத்தனைக்கும் நாவலில் ஒரு காதல் காட்சிகூடக் கிடையாது. இவ்வகையில் காதல் எவ்வளவு குறைவாகக் காட்டப்படுகிறதோ அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பது என் பிடிவாதம். அதை மட்டும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

புதுவாசகி:

'த ஹியூமன் ஃபேக்டர்' வாசித்து முடித்தேன். பரிந்துரைத்த மறுவாசிப்பு அவர்களுக்கு நன்றி. அலமாரியின் பிடிவாதத்துக்கு இந்த நாவல் ஒத்துவராது. இதில் கணவனும் மனைவியும் நிறையவே காட்டப்படுகிறார்கள். குழந்தைக்குக் காய்ச்சலா, நாய் எங்கே போனது, இன்னொரு முறை விஸ்கி ஊற்றட்டுமா என்று அன்றாடப் பேச்சுகளாகவே பக்கங்கள் நகர்கின்றன. அந்தச் சாதாரணத்துக்குக் கீழே அவர் மறைத்து வைத்திருப்பது நமக்குத் தெரிந்த பிறகு, அதே பேச்சுகளை முன்போல வாசிக்க முடிவதில்லை.

அவர் ஒருவழியாக மனைவியிடம் சொல்லிவிடும் இடத்தில் நான் எதிர்பார்த்தது கோபம். இவ்வளவு காலம் என்னிடம் மறைத்தாயா என்று அவள் கேட்பாள் என்று நினைத்தேன். அவளோ, நமக்கென்று ஒரு நாடு இருக்கிறது, நீயும் நானும் மகன் சாமும் சேர்ந்தது அந்த நாடு, அதை நீ ஒருபோதும் காட்டிக்கொடுக்கவில்லை என்ற பொருளில் பதில் சொல்கிறாள். படித்ததும் உருகிவிட்டேன். பிறகுதான் டேவிஸ் நினைவுக்கு வந்தான். கேஸிலோடு ஒரே அறையில் வேலை செய்த அந்த அப்பாவி இளைஞன்மீது ஐயம் விழுந்து, அவனுடைய துறையினரே சத்தமில்லாமல் நஞ்சூட்டிக் கொன்றுவிடுகிறார்கள். மூவர் மட்டும் வாழும் அந்த நாட்டின் எல்லைக்கு வெளியே நின்றவன் அவன். சாரா சொன்னது அழகாக இருக்கிறது என்பதும், அந்த அழகில் டேவிஸுக்கு இடமில்லை என்பதும் ஒருசேர உண்மையாக இருப்பது என்னை உறுத்துகிறது. கிரீன் இதை வேண்டுமென்றே செய்தாரா, அல்லது நான்தான் மிகையாக வாசிக்கிறேனா?

மறுவாசிப்பு:

வேண்டுமென்றே செய்ததாகவே நான் வாசிக்கிறேன். டேவிஸை வெறும் பலியாளாக வைத்திருந்தால் ஓரிரு பக்கங்கள் போதும். ஆனால் கிரீன் அவனுக்கு ஒரு காதலைக் கொடுக்கிறார். அலுவலகச் செயலரான சிந்தியாவை அவன் விரும்புகிறான். அது கைகூடுமா கூடாதா என்று நாம் அக்கறைப்படத் தொடங்கிய பிறகே அவனை எடுத்துக்கொள்கிறார். கேஸிலின் காதல் பிழைத்திருக்க, அதே அறையில் இருந்த இன்னொரு காதல் பலியாகிறது. முடிவில் கேஸில் மாஸ்கோவிலும் சாரா இங்கிலாந்திலும் இருக்க, இருவருக்கும் இடையிலான தொலைபேசி இணைப்பும் துண்டிக்கப்படுவதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

நெய்தல்:

இதே கேள்வியோடு லெ காரேயின் 'த ரஷ்யா ஹவுஸ்' (1989) நாவலுக்குப் போங்கள், புதுவாசகி. பார்லி பிளேர் என்ற பதிப்பாளர், தான் நேசிக்கும் காத்யாவையும் அவள் குடும்பத்தையும் காப்பாற்றுவதற்காக, தன்னை உளவுக்கு அனுப்பிய பிரிட்டிஷ் தரப்பின் கேள்விப் பட்டியலையே சோவியத் தரப்புக்குக் கைமாற்றுகிறார். தன்னைப் பதிப்பாளராக நம்பி முதலில் தேடிவந்த சோவியத் விஞ்ஞானிக்கு அதற்குள் காலம் கடந்துவிட்டது. டேவிஸுக்கு இணையாக இங்கே யாரை வைப்பது என்று நீங்களே சொல்லுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: கதையைச் சொல்பவர் பார்லி அல்லர், உளவுத்துறையின் சட்ட ஆலோசகர் பால்ஃப்ரே. தாம் விரும்பிய பெண்ணுக்காகத் தம் வாழ்க்கையை மாற்றிக்கொள்ளும் துணிவு இல்லாமல் போனவர் அவர். பார்லி செய்ததை அவர் விவரிக்கும் வரிகளில் எது சாட்சியம், எது பொறாமை, எது ஏக்கம் என்று பிரித்தெடுப்பதற்கு நீங்கள் இதுவரை பழகிய ஐயம் முழுவதும் தேவைப்படும்.